தொண்ணூறு நாள் உத்தரவாதம்

வூச் நகரில் பிப்ரவரி.
ஒஸ்லோவில் ஏதோ ஒரு வங்கி கழற்றிப் போட்ட
பன்னிரண்டு தாய்ப்பலகைகள்
குமிழ்த்தாள் சுற்றி வந்து இறங்கியிருக்கின்றன.
போலிஷில் இதைத் தாய் என்று யாரும் சொல்வதில்லை.
முதன்மைத் தட்டு. அவ்வளவுதான்.

ஆல்கஹாலில் நனைத்த பல்துலக்கியால்
அந்த ஊர்த் தூசியைத் தேய்த்து எடுக்கிறேன்.
பணக்கார வங்கிதான்,
தூசி நம் வீட்டுக் கட்டிலடியில் இருப்பதேதான்.

ஏழாவது பலகை.
செயலி உட்காரும் இடத்தில்
இரண்டாயிரத்துப் பதினோரு ஊசிகள்.
ஒன்று மட்டும் தலை திரும்பியிருந்தது,
வரிசையில் நிற்கும்போது
பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டதுபோல.
நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்து
மூச்சை அடக்கினேன்.
கேட்காமலே வானொலியை அணைத்தான் வித்தோல்ட்.
மூன்று வருடத்தில் அவன் எனக்குக் காட்டிய மரியாதை
அது ஒன்றுதான்.

மின்சாரம் கொடுத்ததும்
விசிறிகள் ஒருமுறை அலறி அடங்கின.
தேதி கேட்டால் இரண்டாயிரம் ஜனவரி ஒன்று என்கிறது.
காசளவு மின்கலம் செத்துப்போனால்
இதுகளுக்கு எல்லாம் அதே விடியல்.
அன்று எனக்குப் பத்து வயது.
முன்பல் பாதி உடைந்திருந்தது.

சொத்து எண் இருக்கவேண்டிய கட்டத்தில்
எண் இல்லை.
நார்வே மொழியில் ஒரு வரி. கைபேசியைக் காட்டிப் படித்தேன்:
"இது நின்றால் ராக்ன்ஹில்டை எழுப்பவும்.
மணி இரண்டு முறை. நாய் கடிக்காது."

பதிவேட்டைப் புரட்டினேன்.
அதிகாலை மூன்று மூன்று: வெப்பம் எல்லை மீறியது.
மூன்று நாற்பத்தொன்று: மூடி திறக்கப்பட்டது.
ஆக, எழுப்பியிருக்கிறார்கள்.
பக்கத்தில்தான் வீடு.
தலைகூட வாரியிருக்கமாட்டாள்.

கவுனாஸிலிருந்து மறுபடி போன்.
பால் கூட்டுறவுச் சங்கம்.
இதே மாடல், இதே திருத்த எண்,
தயாரித்தவனே கைகழுவிவிட்ட பலகை.
மூன்று நாளாக லிட்டர் கணக்கு நோட்டுப் புத்தகத்தில் ஓடுகிறதாம்.
அந்தப் பெண் பேசப் பேச
பின்னால் ஒரு டேங்கர் லாரி
பீப் பீப் என்று பின்வாங்கிக்கொண்டே இருந்தது.
நாளை அனுப்புகிறேன் என்றேன்.

பழைய உரிமையாளரின் சுவடு இருக்கக்கூடாது.
எங்கள் விதி.
அழிக்கவா என்று திரை கேட்டது.
ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்தேன்.
அப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.
ஆம்.

பச்சை ஒட்டுத்தாள்: சோதிக்கப்பட்டது,
தொண்ணூறு நாள் உத்தரவாதம்.
என் முதுகெலும்புக்கு
எந்த மருத்துவரும் அவ்வளவு தரவில்லை.
கட்டத்தை வெற்றாகவே விட்டேன்.
கவுனாஸில் யாராவது நிரப்பிக்கொள்ளட்டும்,
அந்நேரத்தில் எழுப்ப
அவர்களுக்கும் ஒருத்தி இருந்தால்.

எட்டாவது பலகையில் காபி கொட்டிய கறை.
செம்புத் தடங்கள் பச்சை பூத்திருக்கின்றன.
இது தேறாது என்றான் வித்தோல்ட்,
வானொலியைத் திரும்பப் போட்டபடி.