கதவுப் பக்கம்

பொரளையில் பஸ்ஸால் இறங்கும்போதே
கழற்றிவிடுவேன் தோட்டை, கொண்டை ஊசியை,
பெயர்ப் பட்டியையும்.

மட்டக்களப்புச் சிறையில் பெயர் இருந்தது எனக்கு.
"லோஜினி மிஸ்ஸி, காய்ச்சல்" என்பார்கள்.
காவலுக்கு ஒரேயொருவர்,
அவருக்கும் நான்தான் பிரஷர் பார்ப்பேன்.
கையுறை மட்டும்
மாதக் கடைசியில் தீர்ந்துபோகும்.

இங்கே கையுறை பெட்டி பெட்டியாய்.
கட்டிலில் இருவர், கட்டிலுக்கடியில் ஒருவர்.
இரவில் நூற்று நாற்பது இருமலுக்கு
நான் ஒருத்தி.
சுவரில் சிவப்பாய் ஓர் அபாய மணிப் பொத்தான்.
வந்த அன்றே அழுத்திப் பார்த்தேன்,
பல்லி ஓடிற்று.

போன புதன்
காலில் சீழ் கட்டிய ஒருவன்
(என்ன வழக்கென்று நான் கேட்பதில்லை)
கட்டுப் பிரிக்கையில் வாயசையாமல் சொன்னான்:
"மிஸ், அந்தப் பக்கம் நிக்காதீங்க.
கதவு உங்கட முதுகுக்குப் பின்னால இருக்கணும்."

நகர்ந்து நின்றேன்.
கத்தரிக்கோலை எண்ணினேன்,
ஒன்றுதான், இருந்தது.

ஆபத்துப்படி விண்ணப்பத்தில்
ஏழாம் கேள்வி:
பாதுகாப்புப் பயிற்சி பெற்றீரா? யாரிடம்?

இன்னும் நிரப்பவில்லை.