பருப்பளவு கறுப்பு

காலைப் படகில் வந்தார்கள்.
ரோசால்பா நவெல்கின் தோளில்
ஆறு வயது அன்செல்மோ.
சிலோயே தீவில் மழையில்லாத பிப்ரவரி,
காய்ச்சலுக்கு ஆறாம் நாள்.
பையில் இளஞ்சிவப்புச் சிரப்பு,
பாதி காலி, முழுதும் வீண்.

முப்பத்தொன்பது புள்ளி எட்டு.
நெஞ்சிலும் முதுகிலும் சிவப்புப் பொட்டுகள்.
அம்மையா என்றாள். இல்லை.
வெளிச்சம் குத்துகிறதென்று
என் கோட்டுக்குள் முகம் புதைத்தான்.

போன கோடையில் இப்படித்தான் ஒருத்தி வந்தாள்.
வைரஸ் என்று எழுதி அனுப்பினேன்.
கையெழுத்து அழகாகவே இருந்தது.
நான்கு நாள் கழித்து ஹெலிகாப்டர்.
பிழைத்துவிட்டாள்.
அந்த விசிறிச் சத்தம்தான்
சில இரவுகளில் என் கூரைமேல் இறங்குகிறது.

ஆகவே சட்டையைக் கழற்றச் சொன்னேன்.
காதுமடலின் பின்புறம்.
முடிக்குள் விரலால் வகிடெடுத்து.
அக்குள். முழங்கால் மடிப்பு.
காலுறை இறுக்கிய கோடு.
நர்ஸ் எடெல்மிரா விளக்கோடு கூடவே வந்தாள்
ஒழுகும் கூரையில் ஓட்டை தேடுகிறவளாக.

"என்ன தேடறீங்க?"
ஒரு கறுப்புப் பொருக்கு, சிகரெட்டால் சுட்டாற்போல.
வலிக்காது.
"ஓ, அதுவா."
கால்சட்டைப் பட்டியை அவனே கீழே இழுத்தான்.
இடுப்பெலும்புக்குச் சற்றுக் கீழே
பருப்பளவு கறுப்பு, சுற்றிச் சிவப்பு வளையம்.
சித்தப்பாவோடு லூமா விறகு அடுக்கினானாம்,
மூன்று வண்டி, சட்டையில்லாமல்.
அப்புறம் வந்ததாம்.
"யாரும் கேக்கலையே."

எள்ளில் பாதிகூட இல்லாத உண்ணிக்குஞ்சு
வாய் வைத்துப் போன இடம்.

ரத்தம் சாந்தியாகோ போகும்,
பதில் வர மூன்று வாரம்.
பதிலுக்குக் காத்திருக்க மருந்துக்கு நேரமில்லை.
டாக்ஸிசைக்ளின்.
பத்தொன்பது கிலோ உடம்புக்கு
பாதி மாத்திரையிலும் கொஞ்சம் குறைத்து,
காலையும் மாலையும்.

"பல்லு மஞ்சளாயிடுமாமே?"
எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.
ஒரு வாரத்தில் பல் கறுக்காது, ரோசால்பா.
தாமதித்தால் கறுப்பது வேறு.
அவள் பதில் சொல்லவில்லை.
மூர்த்தா பழ ஜாமில் மாத்திரைப் பொடியைக் குழைத்தாள்.

முதல் இரவு வாந்தி. மறுபடி குழைத்தோம்.
இரண்டாம் விடியலில் தலையணை நனைந்திருந்தது.
வியர்வை.
உருளைக்கிழங்கு ரொட்டி வேண்டுமென்றான், வெண்ணெயோடு.

ஏழாம் நாள்
ஒரு முன்பல்லைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தான்.
வெள்ளைப் பல்.
"மருந்துக்கு முன்னாடியே ஆடிட்டிருந்துச்சு"
என்று எனக்காகச் சாட்சி சொன்னான்.
இடுப்பில் பொருக்கு இன்னும் உதிரவில்லை.

பெஞ்சில் அடுத்து ஒரு சிறுமி,
காய்ச்சலுக்கு இரண்டாம் நாள்.
எடெல்மிரா விளக்கை எடுக்குமுன்
நான் குந்தி உட்கார்ந்து
அவளிடமே கேட்டேன்.