முப்பது பாகை

முதல் இரண்டு மாதம் எனக்குக் கை இல்லை,
கண் மட்டும்.
திருகோணமலைப் பெரியாஸ்பத்திரியில்
தியேட்டர் சுவரோரம் நின்று
இன்னொருவர் கை போகும் வழியைத்
திரையில் பார்த்தேன்.

பிறகு முட்டை தந்தார்கள்.
கோதை மட்டும் துருவி எடுக்கவேண்டும்,
உள்ளிருக்கும் சவ்வு கிழியக்கூடாது.
நாற்பத்தொரு முட்டை.
அந்த வாரம் கன்டீனில் எல்லோருக்கும் ஆம்லெட்;
"டொக்டர் சிஹானா இன்றைக்கும் ஃபெயிலா?"
மிளகாய் வெட்டிக்கொண்டே கேட்டான் சுதர்மன்.
நாற்பத்திரண்டாவதை
கைலேஞ்சியில் பொதிந்து அறைக்குக் கொண்டுபோனேன்.

கிண்ணியாவிலிருந்து நசார் காக்கா
ஆட்டு முள்ளந்தண்டை ஐஸ்பெட்டியில் அனுப்புவார்.
மூடியில் எழுதியிருக்கும்:
'இடுப்புப் பக்கம். கத்தி படாதது.'

கமரா நேரே பார்ப்பதில்லை.
அதன் கண் முப்பது பாகை சரிந்தது.
போகிற திசை ஒன்று,
தெரிகிற திசை வேறு.
கோட்டை வீதியில் ஆட்டோ ஓட்டுகிறவர்களுக்கு விளங்கும்,
மான் ஒருநாளும் முன்னாலிருந்து வருவதில்லை.

மனிதரில் முதலில் தோல் வரை.
அடுத்தவரில் ஊசி வரை.
அதற்கும் அடுத்தவரில் எலும்பு வரை.
ஒவ்வொரு முறையும்
என்னைவிட இரண்டு வயது இளைய இளவழகனிடம்
கருவியைக் கொடுத்துவிட்டு விலகினேன்,
பந்தியில் பாதியில் எழும்புகிறவள் போல.

முழுவதும் என் கைக்கு வந்தவர் செபமாலை,
சீனன்குடாவில் மா மூட்டை சுமந்தவர்.
குப்புறக் கிடந்தார், விழித்தபடி.
ஏழு மில்லிமீட்டர் துளை.
உள்ளே எல்லாம் தண்ணீருக்கடியில்:
அலையும் நார், மஞ்சள் கொழுப்பு,
ஓரத்தில்
வெள்ளையாய், துடித்துக்கொண்டு,
அது.

திரை சிவந்தது.

நீர்ப்பையை உயர்த்தச் சொன்னேன்.
காத்திருந்தேன்.
"என்ன பிள்ள, பேச்சைக் காணேல்ல?"
"தண்ணி தெளியட்டும் ஐயா."
"ஓ. கலங்கினா இறங்கப்படாது."
நான் கேட்காமலே
கால் பெருவிரலை ஆட்டிக் காட்டினார்.

தெளிந்தது.
ஆனாலும் எலும்பு முடிவது எங்கே,
சவ்வு தொடங்குவது எங்கே,
எனக்குப் பிடிபடவில்லை.
துளைகருவியை வெளியே எடுத்தேன்.
கைமாற்றினேன்.

பதிவேட்டில் 'எட்டிய படி' என்றொரு கட்டம்.
எழுதினேன்: எலும்பின் பாதி. நிறுத்தினேன்.

மறுநாள் காலை வார்ட் ஜன்னலடியில்
செபமாலை எழுந்து நின்றுகொண்டிருந்தார்.
"ஆர் செய்தது, நீங்களோ?"
"பாதி நான்."
"எந்தப் பாதி?"
"கலங்கும் வரைக்கும்."

மத்தியானம் கன்டீனில்
ஆறு முட்டை வாங்கினேன்.
பச்சையாக.
சுதர்மன் ஒன்றும் கேட்கவில்லை.