கூடப் பாடுகிறவன்

ஜெபல் ஜைஸ் ஏறும் வழியில், எங்கள் கிரஷருக்கு மேலே
ஒரு குருவி. புருவத்தில் வெள்ளைக் கோடு,
முதுகில் துரு.
குருவி இல்லை என்றாள்
தொலைநோக்கியோடு வந்த டென்மார்க்காரி.
அலகைப் பார், ஊசி.
மலைக்குருவியா? அதுவும் இல்லையாம்.
அக்சென்டர்.
எடைமேடை ரசீதின் பின்புறம்
தமிழில் எழுதிக்கொண்டேன்.
லத்தீனில், கூடப் பாடுகிறவன் என்று அர்த்தமாம்.

பெயர் விஷயத்தில் நான் பேசுவதற்கில்லை.
லேபர் கார்டில் அப்பா பெயர் முந்திக்கொண்டதால்
எட்டு வருடமாக இங்கே
பொன்னுலிங்கம்தான் லாரிகளை எடை போடுகிறார்.
மூன்றாம் வருடம் அவர் செத்துப்போனார்.
மறுநாளும் வேலைக்கு வந்தார்.

எங்கள் பக்கம் வில்லுப்பாட்டில்
பின்னால் உட்கார்ந்து 'ஆமா' போடுகிறவனுக்குப்
பாதிக் கூலி.
இதை அவளுக்கு இங்கிலீஷில் சொல்லத் தெரியவில்லை.
பாடுமா என்று மட்டும் கேட்டேன்.
இங்கே பாடாது என்றாள்.
பாட்டெல்லாம் அதன் மலையில், கோடையில்.
குளிருக்கு இரை தேடி வந்திருக்கிறது,
அவ்வளவுதான்.

பன்னிரண்டரைக்கு கிரஷர் நின்றது.
தூசி இறங்க இறங்க
பெல்ட்டுக்கு அடியிலிருந்து
எதையோ கொத்திக்கொண்டே வந்தது அது,
என் சோற்று டப்பாவுக்கு மூன்று முழம் வரை.

நக்கீப் வாக்கிடாக்கியில் கூப்பிட்டான்:
பொன்னு, பொன்னு, ஹலோ.
ட்ரிர்ட், என்றது அது. சன்னமாக. மறுபடியும்.

ஆமா, என்றேன்.
யாருக்குச் சொன்னேன் என்று
நக்கீப் கேட்கவில்லை.