தவில் விழும்போது மட்டும்

வண்ணார்பேட்டை பைபாஸ் ஓரம், வேம்பு நிழலில்
உதுமான் என் காரின் பின்சீட்டைக் கழற்றிப் போட்டான்.
கம்பெனி ஸ்டீரியோவுக்கு வேறு வாசல் கிடையாதாம்,
பின் ஸ்பீக்கர் வயரிலிருந்துதான்
பாட்டைத் திருடணும்.
"எர்த் சரியில்லன்னா எஞ்சின் முனகுறதும் கேக்கும் அண்ணாச்சி"
பெயின்டைச் சுரண்டி வெறும் தகரம் காட்டினான்.
பேட்டரி பக்கத்தில் ஒரு பியூஸ்.
டிக்கியில், அரிசிச் சிப்பம் கனத்தில்
கறுப்பாக சப்வூஃபர்.

முதல் அடிக்கே நம்பர் பிளேட் உளறிற்று.
ரப்பர் வாஷர் வைத்தான்.
பிறகு டிக்கி மூடி. அதற்குப் பழைய கம்பளித் துண்டு.
இன்னும் ஒன்று,
நாதஸ்வரம் போகையில் சும்மா கிடக்கும்,
தவில் விழும்போது மட்டும்
எங்கேயோ சிணுங்கும்.

பாட்டை நிறுத்தாதீங்க என்றான்.
தகரத்தில் காது வைத்துத் தவழ்ந்து
ஸ்டெப்னிக் குழிக்குள் கைவிட்டான்.
கிரீஸ் அப்பிய சிவப்புக்கல் கம்மல்.

என் வீட்டுக்காரியுடையது.
போன வருஷம் ஆனிச் சாரலுக்குக்
குற்றாலம் போய்த் திரும்பிய ராத்திரி காணாமல் போனது.
கோமு மதினியின் பையை
முதலில் திறந்து பார்த்தவன் நான்.
மதினி ஒன்றும் சொல்லவில்லை,
கலைந்த சேலைகளை ஒவ்வொன்றாக
மறுபடி மடித்தாள்.
மாசம் பதினாலு ஆச்சு.

"இப்பச் சுத்தமா இருக்குல்லா?"
ஆமா உதுமான்.

சங்கரன்கோவில் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம்.
மதினி வீட்டுத் தெரு ஒடுக்கம்.
சத்தத்தைக் குறைத்துக்கொண்டுதான்
நுழையணும்.