எழுத்தில்லாதது

மஞ்சக்குப்பத்தில் கரண்ட் போய் வந்தது.
அப்புறம் லேப்டாப்புக்கு ஹார்ட் டிஸ்க்கை அடையாளம் தெரியவில்லை.
நீல விளக்கு எரிகிறது.
காதில் வைத்தால் உள்ளே தட்டு சுற்றுகிறது,
டக் டக் இல்லை,
அந்த மட்டுக்கும் சரி.

உள்ளே சலேத் நான்சியின் கல்யாணம்:
முதுநகர் சர்ச், இரண்டு கேமரா, முந்நூறு ஜிபி.
இன்னொரு காப்பி உண்டா என்று
கேட்காதீர்கள்.

உப்புக்காற்று தின்ற முனையைச்
சட்டை நுனியால் துடைத்தேன்.
இடப்பக்கம் செருகினேன், வலப்பக்கம் செருகினேன்.
எதிர்க்கடை ஜெராக்ஸ் மஸ்தான் ஒரு கேபிள் கொடுத்தார்,
கூடவே "ஃப்ரீசர்ல வெச்சுப் பாரேன்" என்றும்.

சி இருக்கிறது. டி இருக்கிறது.
அதற்குக் கீழே வெள்ளை.

டிஸ்க் மேனேஜ்மென்ட்டின் அடியில்தான் கிடந்தது,
உடம்புக்கு ஒன்றுமில்லை,
அழைக்க ஓர் எழுத்தில்லை, அவ்வளவே.
'எழுத்தை மாற்று' என்ற வரிக்கு
நேர் கீழ்வரி: ஃபார்மேட்.
ஒரு நெல் அகலம்தான் இடைவெளி.
அந்த நேரம் பார்த்துப் போன் அடிக்கிறது, நான்சி.

எடுக்கவில்லை.
மூச்சை நிறுத்தி 'கே' கொடுத்தேன்.

திறந்த முதல் துண்டில்
செருப்பு வாரை மாட்டிக்கொண்டே நிமிர்ந்து
கேமராவைக் கேட்கிறாள்:
"விழுதாண்ணே?"

விழுந்திருக்கும்மா.
போன் இன்னும் அடிக்கிறது.