மீசை

மாண்டலே, கல்தச்சர் தெரு.
மதியத்தோடு கரண்ட் போய்விட்டது.
வெள்ளைத் தூளில் கால் நீட்டி
சயா தெயின் மவுங் அந்தப் போட்டோவைத்
திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.

அலையலையாய் முடி.
தோளில் வழியும் கல்துணியில்
எண்ணி முடியாத மடிப்பு.
யவனன் உளி தொட்ட புத்தராம்,
எங்கோ மேற்கே, மலைநாட்டில்.
தரகன் சொல்லிப் போனான்.

மடிப்பு சரி. மூக்கும் போகட்டும்.
"மீசையா? புத்தருக்கா?"

நான் உப்புத்தாள் தேய்க்கிறவள், எனக்கென்ன.
"எங்கள் முனீஸ்வரனுக்கு உண்டே, சயா."
வாய் தவறி வந்துவிட்டது.
முறைத்தார்.
செதுக்கினார்.

மூன்றாம் நாள் மனம் பொறுக்கவில்லை அவருக்கு.
"தேய்த்து எடுத்துவிடு, காத்தாயி."

தேய்த்தேன்.
தாள் தேய்ந்தது, விரல்நுனி தேய்ந்தது.
உதட்டின்மேல் நூலளவு நிழல் மட்டும்
போகமாட்டேன் என்கிறது
என்றுதான் சயாவிடம் சொன்னேன்.